துணைச்சாட்சி

மருந்து அலமாரி தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் என்று டாக்டர் கிளாரன்ஸ் மச்சாது எதிர்பார்க்கவில்லை.

“மன்னிக்கவும், டாக்டர் கிளாரன்ஸ். இதைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை.”

விமானம் தாமதம் என்று அறிவிக்கும் பெண்ணின் அதே தேன் குரல். ஆபரேஷன் தியேட்டரில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. இத்தனைக்கும் அவர் அலமாரியைத் திறக்கப் போகவே இல்லை. முதுகு பிடித்துக்கொண்டதே என்று அதன் கதவில் லேசாகக் கையை ஊன்றினார், அவ்வளவுதான். கதவு உள்ளங்கையைப் படித்துவிட்டு ஊரைக் கூட்டிவிட்டது. “ஐயோ, சாரி” என்று அலமாரியிடமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவர் படக்கென்று திரும்ப, முழங்கை போய் ஜெபக்கனி சிஸ்டர் ஏந்தி வந்த தட்டில் இடித்தது. தட்டு பறந்தது. அதிலிருந்த ஃபென்டனில் குப்பிகள், வலியை அடக்கும் மருந்துகளில் பெரிய ரவுடி என்று பெயரெடுத்த அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள், தரையில் விழுந்து தூள் தூளாயின.

தூத்துக்குடியில், கடற்கரைச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்த அந்த ஆஸ்பத்திரியில், உடையக் கூடாத பொருள் என்று ஒன்று உண்டென்றால் அதுதான். அதை உடைக்கக் கூடாத ஆள் என்று ஒருவர் உண்டென்றால் கிளாரன்ஸ்தான். இரண்டுக்கும் அன்று காலை முகூர்த்தம் கூடி வந்துவிட்டது.

கிளாரன்ஸ் மயக்க மருத்துவர். முதலில் நல்ல மயக்க மருத்துவராக இருந்தார். பிறகு நோயாளிக்குக் கொடுத்தது போக ஊசியில் மிஞ்சியதைத் தனக்குக் கொடுத்துக்கொள்ளும் மயக்க மருத்துவராக ஆனார். ஒருநாள் உடை மாற்றும் அறையில், பாதத்தில் செருகிய ஊசியோடு குறட்டை விட்டுக்கொண்டிருந்தவரைக் கண்டுபிடித்தார்கள். உரிமம் போயிற்று. மனைவி போனாள். நண்பர்கள் போகவில்லை, போனை எடுப்பதை மட்டும் நிறுத்தினார்கள். மறுவாழ்வு மையத்தில் கிடந்து, வாந்தி எடுத்து, அழுது, தேறி, இப்போது தற்காலிக உரிமத்தோடு பழைய தியேட்டருக்கே திரும்பி வந்து கிட்டத்தட்ட ஒரு வருஷம். மருந்தின் அளவை அவர் சொல்லலாம். கையால் தொடக் கூடாது. ஊசியில் ஏற்றுவதும் போடுவதும் ஜெபக்கனி சிஸ்டர். உப்பு டப்பாவைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு சமையல்காரனை வேலைக்குச் சேர்த்த மாதிரி.

“பயப்படாதீங்க, நக்கிப் பார்க்க மாட்டேன்” என்றார் கிளாரன்ஸ், தரையைக் காட்டி. “இசக்கி எப்படித் துடைப்பான்னு எனக்குத் தெரியும்.”

யாரும் சிரிக்கவில்லை. தியேட்டர் டெக்னீஷியன் இசக்கிகூடச் சிரிக்கவில்லை. எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். ஜெபக்கனி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தியேட்டர் பொறுப்பு அவருடையது, துடைக்கிற கவலை அவருக்கு என்று கிளாரன்ஸ் நினைத்துக்கொண்டார்.

பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தடவிப் பார்க்குமே, அந்த மாதிரி கிளாரன்ஸ் தன் உள்ளே ஒருமுறை தடவிப் பார்த்தார். காலடியில் இவ்வளவு மருந்து குட்டையாகக் கிடக்கிறது. தொண்டை வறள்கிறதா? இல்லை. விரல் துடிக்கிறதா? இல்லை. ஒன்றுமே இல்லை. அவருக்குப் பெருமையாக இருந்தது. இந்தப் பெருமையைச் சொல்லிக் காட்ட ஒரு ஆள் இல்லையே என்றும் இருந்தது.

ஈரத் துணியை இசக்கி ஒரு பையில் போட்டு முடிச்சுப் போட்டான். கிளாரன்ஸைப் பார்த்துவிட்டு அதன்மேல் இன்னொரு முடிச்சுப் போட்டான்.

கண்காணிப்பாளர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. கூடவே இசக்கியும் நடந்தான். துணைக்கா காவலுக்கா தெரியவில்லை.

“சார், கேட்டா தப்பா நினைக்கப்படாது. உங்க காதுக்குப் பின்னால என்னமோ வச்சுத் தச்சிருக்காவளாமே? நாங்க பேசுறது பூரா மெட்ராசுல மெடிக்கல் கவுன்சிலுக்குக் கேக்குமாம்லா?”

“நீ பேசுறதை ஒட்டுக்கேக்குற அளவுக்கு அவங்களுக்குப் பொழுது போகாம இல்லப்பா. இது பேச்சைக் கேக்காது. ஆசையைக் கேக்கும்.”

“ஆசையையா?”

“எனக்கு அந்த மருந்து மேல ஆசை வந்தா மூளைக்குள்ள ஒரு இடத்துல பொறி தட்டும். இந்தச் சில்லு அதைப் பிடிச்சிரும்.”

“பிடிச்சு கவுன்சிலுக்குச் சொல்லிரும்.”

“முன்னால அப்படித்தான் இருந்துச்சு. ஆசைப்பட்ட டாக்டர், நர்ஸ் எல்லாருக்கும் சீட்டுக் கிழிஞ்சுது. திருந்தி வந்தவன் ஒருத்தனும் மிஞ்சல. அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான் சொன்னாராம், ஆசைப்படுறது குத்தமில்ல, எடுக்கிறதுதான் குத்தம், நடுவுல மிஷின் வேண்டாம், ஒரு மனுஷன் இருக்கட்டும்னு. அதனால இப்போ அது கூட வேலை பாக்குற ஒரே ஒரு ஆளுக்குத்தான் போகும். அவங்க உடம்புல எங்கயாவது ஒரு பட்டை ஒட்டியிருக்கும். எனக்கு ஆசை வந்தா அவங்களுக்கும் கொஞ்சம் வரும். வாய் கசக்கும், தொண்டை இழுக்கும். இது சும்மா வந்துட்டுப் போற ஆசையா, கையை நீட்டுற ஆசையான்னு அவங்க பார்த்து முடிவு பண்ணணும். துணைச்சாட்சின்னு பேரு.”

இசக்கி நின்றுவிட்டான். “அது யாரு சார்?”

“அதைத்தான் சொல்ல மாட்டாங்க. தெரிஞ்சா நான் கையைக் காலைப் பிடிச்சிருவேனாம். ஏன், நீதானா?”

“சே, சே! எனக்கு என்ன தெரியும் சார்?” என்றான் இசக்கி. சொன்ன கையோடு இருமினான்.

இருமல் கிளாரன்ஸுக்குப் பிடிக்கவில்லை.

கண்காணிப்பாளர் டாக்டர் வைகுண்டமணி நல்ல மனிதர். எந்தக் கேள்விக்கும் ‘பார்ப்போம்’ என்று பதில் சொல்லியே ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்டவர்.

“வெள்ளிக்கிழமை உங்க விசாரணை. நிரந்தர உரிமம் தர்றதா, இல்லையா. இந்த நேரத்துலயா கிளாரன்ஸ் இப்படி?”

“முழங்கைக்குத் தேதி தெரியல சார்.”

“உங்க துணை எழுதுறதுதான் கடைசி வார்த்தை. அவங்க நல்லதா எழுதிட்டா நாங்க யாரும் குறுக்க நிக்க முடியாது. வேற மாதிரி எழுதிட்டா...”

“யார் சார் அது?”

“எனக்கே தெரியாது.” காகிதங்கள் பறக்காமல் வைக்கும் கண்ணாடிக் குண்டை அவர் மேஜைமேல் உருட்டினார். தெரியாதவர்கள் அப்படி உருட்டுவதில்லை.

“சரி, ஒண்ணு சொல்லுங்க. எனக்கு இப்போல்லாம் ஆசையே வர்றதில்ல. ஆனா ஆரம்பத்துல நாள் பூரா வந்துச்சு. அந்த மனுஷி, மனுஷன், யாரோ, அதையெல்லாம் சுமந்திருப்பாங்களே. அவங்களுக்கு ஒண்ணும் ஆகாதா?”

குண்டு உருளுவது நின்றது. “ஆய்வு போய்ட்டு இருக்கு. பார்ப்போம்.”

அன்றிலிருந்து கிளாரன்ஸுக்கு எல்லார் மேலும் சந்தேகம் வந்தது. அதாவது, ஏற்கெனவே இருந்தது பெரிதாயிற்று. மற்றவர்களுக்கு அவர் மேல் சந்தேகம். பதில் மரியாதை செய்ய வேண்டாமா? அறுவை மருத்துவர் நசீமா கழுத்தைச் சொறிந்தால் பட்டை அங்கேதான் ஒட்டியிருக்கிறது என்று தோன்றும். வைகுண்டமணி தண்ணீர் குடித்தால் தொண்டை இழுக்கிறதோ என்று தோன்றும். கேன்டீன்காரர் பாகற்காய்ப் பொரியலைத் தட்டில் வைத்தபோது, கசப்பைச் சொல்லிக் காட்டுகிறாரோ என்றுகூட ஒரு கணம் தோன்றிவிட்டது. அப்போது கிளாரன்ஸே தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். சிரித்துவிட்டுப் பொரியலைத் தொடாமல் எழுந்தார்.

செவ்வாய்க்கிழமை அந்தச் சிரிப்பும் போயிற்று.

உப்பளத்தில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்ட லூர்தம்மாளுக்கு அன்று ஆபரேஷன். எலும்பில் ஆணி அடிக்கும்போது மானிட்டரில் அவளுடைய நாடித் துடிப்பு துள்ளியது. இறங்க வேண்டிய ரத்த அழுத்தம் ஏறியது. “இன்னும் கொஞ்சம் போடுங்க சிஸ்டர்” என்றார் கிளாரன்ஸ். ஜெபக்கனி போட்டார். துள்ளல் அடங்கவில்லை. வேறு மருந்தால் அவளைத் தூங்க வைத்திருந்ததால் முழிக்கவில்லை. ஆனால் தூக்கத்துக்குள் ஒரு உடம்பு வலியால் கதறுவது எப்படி இருக்கும் என்று கிளாரன்ஸுக்குத் தெரியும். இருபது வருஷமாக அவர் படிக்கும் ஒரே புத்தகம் அந்த மானிட்டர்தான்.

மயக்கம் தெளிந்ததும் லூர்தம்மாள் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்து உட்கார்ந்தது.

“ஏ டாக்டரு! எனக்கு மருந்து குடுத்தியளா, தண்ணியைக் குடுத்தியளா?”

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். கிளாரன்ஸும் வழக்கம்போலச் சிரிக்கப் போனார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்த அம்மாள் கண்ணில் வழிந்துகொண்டிருந்த நீரைத் துடைத்துவிட்டு, வேறு மாத்திரைக்கு ஏற்பாடு செய்துவிட்டு, மாடிப்படியில் போய் உட்கார்ந்தார்.

தண்ணீர். ஆமாம், தண்ணீர்தான். போன மாதமும் இரண்டு மூன்று பேருக்கு இப்படித் துள்ளியது. வயசாளி, நீரிழிவு, பதற்றம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஏற்றி வைத்த ஊசியிலிருந்து யாரோ மருந்தை எடுத்துக்கொண்டு சலைன் தண்ணீரை நிரப்புகிறார்கள். அவருக்குத் தெரியாத வித்தையா? அவரே எத்தனை தடவை செய்திருக்கிறார்! நோயாளிக்கு முழு அளவைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் எடுத்தேன் என்று மறுவாழ்வு மையத்தில் எல்லாரிடமும் சொன்னார். அது முக்கால் பங்கு உண்மை.

சொல்லலாம். யாரிடம் சொல்வது? ‘மருந்தில் தண்ணீர் கலக்கிறார்கள்’ என்றால் முதல் கேள்வி, உங்களுக்கு எப்படித் தெரியும்? அடுத்த கேள்விக்கு அவசியமே இருக்காது. வெள்ளிக்கிழமை விசாரணையில் கவுன்சில்காரர்கள் டீ குடிக்கும் முன்பே வேலை முடிந்துவிடும். சொல்லாமல் இருந்தால்? வெள்ளிக்கிழமை உரிமம் கையில் இருக்கும். சனிக்கிழமை இன்னொரு லூர்தம்மாள் மேஜையில் இருப்பாள்.

வைகுண்டமணியிடம் போய், “சார், மருந்து சரியா வேலை செய்யலையோன்னு ஒரு சந்தேகம்” என்று பொதுவாக ஆரம்பித்துப் பார்த்தார்.

“கிளாரன்ஸ்,” என்றார் அவர், கதவைப் பார்த்துக்கொண்டே, “வெள்ளிக்கிழமை முடியிற வரைக்கும் மருந்துங்கிற வார்த்தையே உங்க வாயில வர வேண்டாம். அப்புறம் பார்ப்போம்.”

ஆக, கிளாரன்ஸ் தானே துப்பறியத் தீர்மானித்தார். அவருடைய யோசனை எளிமையானது. மருந்தை எடுக்கிற ஆள், கிளாரன்ஸின் ஆசையைப் பற்றித் துணை எழுதப்போவதைத் தெரிந்துகொண்டு, பழியை அவர் மேல் போட நினைக்கிற ஆளாக இருக்க வேண்டும். துணையைக் கண்டுபிடித்துவிட்டால் அவரிடமாவது விஷயத்தைச் சொல்லலாம். என் ஆசை உங்களுக்குத் தெரியும், நான் எடுக்கவில்லை என்று உங்களைத் தவிர வேறு யார் சொல்ல முடியும் என்று கேட்கலாம். துணையைக் கண்டுபிடிக்க வழி? வேண்டுமென்றே ஆசைப்படுவது. யார் முகம் சுளிக்கிறதோ அவர்தான்.

புதன்கிழமை டீ நேரத்தில் எல்லாரும் ஓய்வறையில் கூடியிருந்தபோது ஒரு மூலையில் உட்கார்ந்து, கண்ணை அரைவாசி மூடி, கிளாரன்ஸ் ஆசைப்பட ஆரம்பித்தார்.

வரவில்லை.

எவ்வளவோ முயன்றார். குப்பியை நினைத்தார். ஊசியை நினைத்தார். விட்டுப்போன மனைவியின் முகம்போல எல்லாம் மங்கலாகத்தான் வந்தது. வருஷக்கணக்கில் தன்னை நாய் மாதிரி இழுத்துக்கொண்டு போன ஒன்று, இப்போது கூப்பிட்டாலும் வர மாட்டேன் என்கிறது. கடைசியில் அந்த முதல் தடவையை நினைத்தார். தொடர்ந்து ராப்பகலாக வேலை பார்த்த களைப்பு, பூட்டிய கதவு, உள்ளங்காலிலிருந்து ஏறிய வெதுவெதுப்பு, உலகத்தில் யாருக்கும் தான் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற அந்த நிம்மதி. அடிவயிற்றில் மெல்லிசாக ஏதோ அசைந்தது. வந்துவிட்டது! சட்டென்று கண்ணைத் திறந்தார்.

நசீமா கொட்டாவி விட்டார். இசக்கி இருமினான். ஜெபக்கனி சிஸ்டர் ஒரு கருப்பட்டி மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, “தியேட்டர்ல வேலை கெடக்கு” என்று எழுந்து போனார். கருப்பட்டி மிட்டாய் அவர் எப்போதும் தின்பதுதான். மேல்சட்டைப் பையில் ஒரு பொட்டலம் இருந்துகொண்டே இருக்கும்.

இருமல்தான் துப்பு. கிளாரன்ஸ் இசக்கியை மடக்கினார்.

“உனக்கு வாய் கசக்குதா?”

“இல்லையே சார்.”

“தொண்டை?”

“சளி பிடிச்சிருக்கு.” இசக்கி பின்னால் நகர்ந்தான். “சார், நீங்க ரெண்டு நாளா என்னையே குறுகுறுன்னு பாக்கிய. எனக்குப் பயமா இருக்கு. வீட்டுல சொன்னேன், அவ வேப்பிலை வச்சு அனுப்பியிருக்கா.” பையிலிருந்து எடுத்தும் காட்டினான்.

“நீங்க எல்லாரும் என்னைப் பாக்கலையா? நான் பார்த்தா மட்டும் குத்தமா?”

“பாக்கோம் சார், இல்லைங்கல. மேலிடத்து உத்தரவு. நீங்க எங்க நிக்கிய, எங்க கையை வைக்கிய, பாத்ரூமுல எம்புட்டு நேரம் இருக்கிய. உங்களைப் பாக்கதுக்கே நேரம் சரியா இருக்கு. வேற எதையும் எவன் பாக்கான்?”

சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். கிளாரன்ஸ் நின்ற இடத்திலேயே நின்றார்.

வேற எதையும் எவன் பாக்கான்.

ஆபரேஷன் முடிந்ததும் ஊசியில் மிஞ்சிய மருந்தை இரண்டு பேர் பார்க்கத் தொட்டியில் பீய்ச்சிவிட வேண்டும். அது எல்லா தியேட்டரிலும் உள்ள வழக்கம். ஒருவர் ஊற்ற, மற்றவர் பார்க்க. இங்கே என்ன நடக்கிறது? ஊற்றும்போது கிளாரன்ஸ் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஆகவே பார்க்க வேண்டிய இரண்டாவது ஆள், கிளாரன்ஸ் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொண்டு அவரையே முறைத்துக்கொண்டு நிற்கிறான். ஊற்றுகிறவரின் கையை ஒருவரும் பார்ப்பதில்லை.

ஊற்றுகிறவர்.

உடைந்த குப்பிகளைச் சுற்றி எல்லாரும் நின்றது ஞாபகம் வந்தது. எல்லார் கண்ணும் தன்மேல். ஒரு ஜோடிக் கண் மட்டும் தரையில். துடைக்கிற கவலையா அது? அந்தப் பார்வையை அவருக்குத் தெரியும். ஒரு காலத்தில் கண்ணாடியில் தினமும் பார்த்திருக்கிறார்.

‘சும்மா இரு’ என்று தனக்கே சொல்லிக்கொண்டார். ‘திருடனுக்கு எல்லாரும் திருடனாத்தான் தெரிவாங்க.’

வியாழக்கிழமை துறைமுகத்தில் சுமை தூக்கும் ஒருவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். நசீமா கத்தியை வைத்த உடனே மானிட்டர் குதிக்க ஆரம்பித்தது.

“என்ன டாக்டர், ஆள் உள்ளுக்குள்ள ஓட்டப்பந்தயம் ஓடுறாரா?” என்றார் நசீமா.

“மருந்து போட்டாச்சுல்ல சிஸ்டர்?”

“போட்டாச்சு டாக்டர்” என்றார் ஜெபக்கனி.

கிளாரன்ஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “இன்னொரு குப்பி எடுங்க. இங்க கொண்டு வாங்க. என் கண்ணு முன்னால உடைச்சு ஏத்துங்க.”

 கண்கள் வழக்கம்போலக் கிளாரன்ஸ் பக்கம் திரும்பின: மருந்தைக் கிட்டத்தில் கொண்டுவரச் சொல்கிறானே! இசக்கி ஒரு எட்டு முன்னால் வந்து அவருக்கும் ஊசிக்கும் நடுவில் நின்றுகொண்டான். அவனுடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார் கிளாரன்ஸ்.

ஜெபக்கனி உள்ளங்கையை வைத்ததும் அலமாரி அவருக்கு நன்றி சொல்லித் திறந்தது. குப்பியின் கழுத்தை உடைத்தார். ஏற்றினார். போட்டார். கொஞ்ச நேரத்தில் துள்ளிக்கொண்டிருந்த எண்கள் ஒவ்வொன்றாக இறங்கி, அடங்கி, சமர்த்தாகப் படுத்துக்கொண்டன.

“இப்போ சரியாயிருச்சே” என்றார் நசீமா, வேலையிலிருந்து தலை தூக்காமல்.

ஜெபக்கனி கிளாரன்ஸைப் பார்த்தார். கிளாரன்ஸ் மானிட்டரைப் பார்த்தார்.

மத்தியானம் கை கழுவும் இடத்தில் அவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள். குழாயிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே உப்புக் காற்றும் வெயிலும். ஜெபக்கனி மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“வாய் கசக்குதா சிஸ்டர்?”

“போய்ச் சாப்பிடுங்க டாக்டர். கேன்டீன்ல மீன் குழம்பு, தீந்துபோகும்.”

“மார்ச் மாசத்திலேருந்து முழுக்கை ஸ்வெட்டர் போடுறீங்க. கேட்டா ஏசி ஒத்துக்கலங்கிறீங்க. நானும் அதே பொய்யைத்தான் சொன்னேன், அதே ஏசியைத்தான் பழி சொன்னேன். பாவம், அந்த ஏசி.” கிளாரன்ஸ் சிரிக்க முயன்றார். “ஜன்னலைப் பாருங்க. இவ்வளவு வெளிச்சத்துல எல்லாருக்கும் கண்ணுப் பாவை சுருங்கும். உங்களுக்குக் கடுகு மாதிரி ஆகியிருக்கு.”

ஜெபக்கனி மிட்டாயை வாயில் போடவில்லை. பொட்டலத்தை மறுபடி மடித்தார், மெதுவாக, ஓரங்களைச் சேர்த்து.

“நீங்கதான் என் துணை. இல்லையா?”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. இந்த ஊர்ல எவனும் எதையும் நேரா சொல்ல மாட்டான்.”

ஜெபக்கனி சுவரோரம் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். ஐம்பது தாண்டிய கனத்த உடம்பு. அந்த உடம்பு இளைத்திருப்பதைக் கிளாரன்ஸ் அப்போதுதான் கவனித்தார்.

“உங்களுக்குத் துணையா நிக்க யாரும் வரல டாக்டர். ஒரு ஆளு கையெழுத்துப் போடலன்னா உங்களை எடுக்க முடியாதுன்னாவ. மயக்க டாக்டர் இல்லாம நம்ம கேசெல்லாம் திருநெல்வேலிக்கு ஓடிட்டு இருந்துச்சு. போற வழியிலேயே ஒரு பிள்ளைத்தாச்சி செத்துப்போனா. சரி, வாய் கசக்கும், அவ்வளவுதானே, கருப்பட்டி மிட்டாய் தின்னா ஆச்சுன்னு கையெழுத்துப் போட்டேன்.”

“பொறவு?”

“முதல் ரெண்டு மாசம் நீங்க ஆசைப்பட்டியளே, யப்பா! நான் எதுக்குமே அப்படி ஏங்கினதில்ல டாக்டர். எங்க வீட்டுக்காரவுக செத்தப்பகூட அவுகளுக்காக அப்படி ஏங்கல. குப்பியைக் கையில எடுத்தா கை அதை விட மாட்டேங்கும். இது என்னோடது இல்ல, இது அந்த மனுஷனோடதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிடுவேன். அப்புறம் உங்களுக்குக் குறைய ஆரம்பிச்சுது. சந்தோசமா இருந்துச்சு. உங்க அக்கா மக கல்யாணத்துக்கு மணப்பாடு போனியளே, ஞாபகம் இருக்கா? சில்லு ஆஸ்பத்திரி காம்பவுண்டுக்குள்ளதான் வேலை செய்யும். நீங்க ஊர்லேயே இல்ல. எனக்கு ஆசை வந்துச்சு.”

குழாய் சொட்டியது.

“மிஷின் கெட்டுப்போச்சுன்னு பட்டையைக் கழட்டிப் பாத்தேன். கழட்டின பொறவும் இருந்துச்சு.”

கிளாரன்ஸ் சுவரில் சாய்ந்தார். சொல்வதற்கு அவர் கைவசம் எப்போதும் ஒரு நகைச்சுவை இருக்கும். தேடினார். கிடைக்கவில்லை.

“லூர்தம்மா அழுதாங்க சிஸ்டர்.”

“தெரியும். வார்டுக்கு வெளிய நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.” ஜெபக்கனி மிட்டாய்ப் பொட்டலத்தைப் பையில் செருகினார். “உங்களைப் பத்தி எழுத வேண்டியதை எழுதி அனுப்பிட்டேன். ஆசை முழுக்க அடங்கிருச்சுன்னு. அது சத்தியம். நாளைக்கு உங்களுக்கு உரிமம் வந்துரும். அதுவரைக்கும் பொறுத்துக்கிடுங்க. நான் வேலையை விட்டுட்டுப் போயிருதேன். யாருக்கும் தெரிய வேண்டாம்.”

அவர் சொன்னது எவ்வளவு வசதியானது என்று கிளாரன்ஸ் யோசித்துப் பார்த்தார். நாளைக்கு இந்நேரம் அலமாரி அவருக்கும் நன்றி சொல்லித் திறக்கும். விஷயத்தைச் சொன்னால்? மருந்து எடுக்கிற துணையின் சாட்சி செல்லாது. சாட்சி செல்லாவிட்டால் உரிமமும் இல்லை. இன்னொரு வருஷம், இன்னொரு துணை. இன்னொரு துணை! யாருடைய வாயில் அடுத்து இந்தக் கசப்பை ஊற்றுவது? வேப்பிலை வைத்திருக்கிற இசக்கியின் வாயிலா?

“வேலையை விட்டுட்டு எங்க போவீங்க? நான் போன இடத்துக்கா? உடை மாத்துற ரூம் சௌகரியமா இருக்காது சிஸ்டர், நான் படுத்துப் பார்த்திருக்கேன்.” கிளாரன்ஸ் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார். “நாளைக்குக் கவுன்சிலுக்கு ரெண்டு பேரும் போவோம். இந்தப் பட்டை என்ன செய்யுதுன்னு அவங்க தெரிஞ்சுக்கிடட்டும். நம்ம மாதிரி இன்னும் எத்தனை ஊர்ல எத்தனை பேர் ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்களோ.”

“உங்க உரிமம் போயிரும் டாக்டர்.”

“ஏற்கெனவே போயிருக்கு. வழி தெரியும் அதுக்கு.”

“என்னைக் கைது பண்ணுவாவ.”

“பண்ணலாம். நான் கூட இருப்பேன். மையத்துக்குப் போறதா இருந்தாலும் நானே கொண்டுபோய் விடுவேன். அங்க உப்புமா மட்டும் சாப்பிடாதீங்க.”

ஜெபக்கனி சிரித்தார், அல்லது அழுதார். ஸ்வெட்டர் கையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டதால் எது என்று தெரியவில்லை. பிறகு தலையை ஆட்டினார். சரி என்றுதான் அதற்கு அர்த்தம்.

கிளாரன்ஸ் எழுந்திருக்கவில்லை. அவருக்கு இன்னொன்று பாக்கி இருந்தது. அதைக் கேட்காமல் மெட்ராஸ் ரயிலில் ஏற முடியாது. மையத்தில் டாக்டர்கள் சொன்னார்கள், இது ஒரு நோய், உங்கள் தப்பு இல்லை என்று. மனைவி சொன்னாள், தப்பு யார் மேலும் இல்லை, விட்டுவிடு என்று. வைகுண்டமணி சொன்னார், பார்ப்போம் என்று. எல்லாரும் அவரிடம் இதமாகத்தான் பேசினார்கள். இதமாகப் பேசும் யாரையும் அவரால் நம்ப முடியாமல் போய்விட்டது.

“சிஸ்டர், ஒண்ணே ஒண்ணு கேக்கேன். எனக்காக மழுப்பிப் பேசாதீங்க. உங்களுக்கு இது வந்தது என்னாலதானா?”

ஜெபக்கனி முகத்தைத் துடைத்துக்கொண்டார். தரையைப் பார்க்கவில்லை. முதல் தடவையாகக் கிளாரன்ஸின் முகத்தை நேராகப் பார்த்தார்.

“ஆமா டாக்டர். ஆசை உங்களோடதுதான். எடுத்த கை என்னோடது.”